வலித்தால் நில்லுங்கள், ஏழுமலை

மருத்துவ ஆராய்ச்சியில் ஒருங்கிணைப்பாளர் வேலை என்றால் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. நோயாளியிடமிருந்து உண்மையை வாங்கி எழுதுவதுதான். அது என்ன பாடு என்று, இதே வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கும் தெரியாது

ஏழுமலைக்குச் சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. பீடி அவர் காலின் ரத்தக்குழாயை அடைத்துவிட்டது. விரலில் ஆறாத புண். காலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆராய்ச்சியில், இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்துக் கெண்டைக்காலில் ஊசியாகப் போடுவார்கள். பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதை விளக்கி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவர் மனைவி செல்வி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இன்னா போட்டாங்கன்னு உங்களுக்கே தெரியாதா? அப்போ எங்களவிட நீங்கதான் மேடம் பாவம்."

ஆறு நிமிட நடை

ஊசி போட்ட பிறகு மாதாமாதம் நடைச் சோதனை. வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும். கெண்டைக்கால் வலித்தால் நின்று சொல்ல வேண்டும். இரண்டாம் மாதம் ஏழுமலை ஓரிடத்திலும் நிற்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டெம் செல் வேலை செய்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, தூரத்தைப் பேடில் கொட்டை எழுத்தில் எழுதினேன். மறுநாள் செல்வி போன் செய்தார். ராத்திரி முழுக்க ஏழுமலையால் காலைத் தரையில் ஊன்றவே முடியவில்லையாம். உடனே வரச்சொல்லி, கோபமாகவே காரணம் கேட்டேன். ஏழுமலை தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"கம்பெனில பேடும் பேனாவும் வெச்சிக்கினு நிக்கறவங்ககிட்ட வலிக்குதுன்னா, லைன்ல இருந்து எடுத்துடுவாங்க மேடம். பதினெட்டு வருசமா நான் சொன்னதே இல்ல."

நின்ற இடம்

கையிலிருந்த பேடை மேஜையில் போட்டுவிட்டு, சோதனையை மறுபடி வைத்து, வராந்தாவில் அவரோடு நானும் நடந்தேன். இங்கே வலியை மறைத்தால் போவது வேலை இல்லை, கால் என்றேன். மூன்றாவது திருப்பத்தில் நின்றார். முகமெல்லாம் வேர்வை. வலிக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். நான் இதுவரை எழுதியதிலேயே குறைந்த தூரம் அதுதான். அதைப்போல எதையும் பெருமையாக எழுதியதில்லை. பழைய அளவை ஒரே கோட்டால் அடித்து, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். தொடையில் புது அடைப்பு. மறுநாளே ரத்தக்குழாய்க்குள் பலூன் வைத்து அடைப்பைத் திறந்தார்கள். புண் மெல்ல ஆறியது, கால் தப்பியது. ஆனால் வேறு சிகிச்சை தேவைப்பட்ட நோயாளியை எங்கள் விதிப்படி 'தோல்வி' என்றுதான் எழுத வேண்டும். தயங்கித் தயங்கி அதை அவரிடம் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"கால் கீதில்ல மேடம்? அப்புறம் இன்னா ஃபெயிலு?"

எங்கள் ஆராய்ச்சியின் தோல்வி இப்போது மாதாமாதம் இரண்டு காலால் நடந்துவந்து, 'இன்னும் எவ்ளோ நேரம் உக்கார வெப்பீங்க' என்று என்னிடம் சண்டை போடுகிறது.