அறுபடாத தூண்டில் நரம்பு

கங்கைகொண்டான் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆசிரியை சண்முகசுந்தரி. நான்கு வருடம் உயிரைக் கொடுத்து மாணவர்களோடு அவள் செய்த குட்டிச் செயற்கைக்கோள், மேலே போய் ஒரு வார்த்தை பேசவில்லை. காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். மடக்கிய ஆண்டெனாவைத் தூண்டில் நரம்பால் கட்டியிருந்தார்கள். மேலே போனதும் ஒரு கம்பி சூடாகி அதை அறுத்து ஆண்டெனாவை விரிக்க வேண்டும். மே மாத மொட்டைமாடிச் சோதனையில் பட்டென்று அறுந்த நரம்பு, விண்வெளிக் குளிரில் அறுபடவில்லை. குளிரில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. திருநெல்வேலிக்காரர்கள் குளிரை எங்கே கண்டார்கள்!

அதையெல்லாம் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனாள். கல்லூரித் தாளாளர் புரட்டக்கூட இல்லை.

"அட்மிஷன் நேரத்துல நம்ம வாயாலயே தோத்தோம்னு சொல்லணுமாக்கும்? உள்ள வைம்மா."

வைத்தாள்.

செயற்கைக்கோள் செய்கிறவர்கள் பட்ட அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டத்தில், ஏவிய நாள் படங்களை மட்டும் காட்டினாள். அம்பாசமுத்திரத்து ஆசிரியை தேன்மொழி எழுந்து, "ஒங்களது ஏன்க்கா பேசல?" என்று கேட்டாள்.

"பாத்துக்கிட்டு இருக்கோம்மா."

மறுவருடம் தேன்மொழியின் செயற்கைக்கோளும் மேலே போனது. மூன்றாம் நாள் போன் வந்தது.

"அக்கா, சத்தமே இல்ல. மொட்டைமாடியில நரம்பு நல்லா அறுந்துச்சேக்கா! ஒங்களுக்கும் இப்படித்தான் ஆச்சா?" தேன்மொழி அழுதுகொண்டிருந்தாள்.

சுந்தரி மேசை இழுப்பறையைத் திறந்தாள். பன்னிரண்டு பக்கமும் கசங்காமல் இருந்தன.

"பாத்துக்கிட்டுதாம்மா இருக்கோம்" என்றாள்.