இரண்டு குளிர்காலம் நிற்கக்கூடிய ஒருவர்

எனக்கு ஆள் பிடிக்கிற வேலை. என் கணவர் தன் நண்பர்களுக்கு என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அதே பகிடி, கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள். உண்மையில் நிறுவனங்களுக்கு மேலதிகாரிகளைத் தேடிக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் வேலை செய்கிறேன். கிழமையில் பாதி நாள் ரொறொன்ரோ நகர மையத்துக்கு ரயில், மீதி நாள் மில்லிக்கனில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற். காலடியில் ஹீற்றரை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் உங்கள் பலவீனம் என்ன என்று கேட்பேன். தான் அளவுக்கு மீறி உழைப்பதுதான் தன் பலவீனம் என்று எல்லோரும் சொல்வார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனிதர்களிலேயே அலுப்பு வந்துவிட்டது.

அந்த அலுப்பின் நடுவில்தான் வடக்கு வேலை வந்தது. தார் வீதி முடிகிற இடத்துக்கும் அப்பால் சில பூர்வகுடி ஊர்கள் சேர்ந்து ஒரு சபை நடத்துகின்றன. அங்கே விமானத்தில்தான் போகலாம். நடுக்குளிரில் ஏரிகள் இறுகிய பிறகு மட்டும் அவற்றின் மேலே லொறி ஓடும். அந்தப் பிராந்தியத்தின் பொருளாதார அபிவிருத்திக்கு ஒரு சீனியர் மனேஜர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மீன் பதனிடும் கூடம், விடுதி, பலசரக்குக் கடை எல்லாவற்றையும் நிமிர்த்தி எடுக்க ஒருவர். சம்பளம் நல்லது, வீடு வாடகையில்லாமல் சும்மா. ஆனாலும் கோடையில் வருகிறவர்கள் முதல் குளிரிலேயே பெட்டி கட்டிவிடுவார்களாம். ஒருவர் நத்தார்ப் பண்டிகைக்கு அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், அவருடைய சப்பாத்து இன்னும் அலுவலக வாசலில் கிடக்கிறது என்று சபையின் தலைவி சொன்னார்.

அவருக்கு என்னுடைய வயதுதான் இருக்கும். மனேஜர் ஓடிப்போகும் ஒவ்வொரு தடவையும் அந்த வேலையும் அவர் தலையில்தான் விழும். வீடியோவில் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டே பேசுவார். முதலில் என்னோடு பேச விருப்பமில்லாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அது நித்திரையில்லாத கண். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

“கெட்டிக்காரர் வேண்டாம்,” என்றார். “நிறையப் பேரைப் பார்த்தாயிற்று. இரண்டு குளிர்காலம் நிற்கக்கூடிய ஒருவரைத் தா. மீன்கூடத்துக்கு அரசாங்கம் உதவி தருகிறது, ஆனால் பொறுப்பாக ஒருவர் இருக்கவேண்டும் என்கிறது. இந்த முறையும் ஆள் ஓடினால் கூடத்தைப் பூட்டவேண்டியதுதான். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை.”

விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஒருவர் தன் நாயை விமானத்தில் மடியில் வைத்திருக்கலாமா என்று கேட்டார். இன்னொருவர், வடக்கின் அமைதியில் தன்னைத் தேடப் போவதாக எழுதியிருந்தார். தன்னைத் தேடுகிறவரைப் பிறகு நான் தேடவேண்டி வரும் என்று ஒதுக்கி வைத்தேன். வணிக முகாமைத்துவம் படித்த ஒரு இளைஞர் பரவாயில்லை போலிருந்தார். படு கெட்டிக்காரர், கேள்வி முடியமுதல் பதில் சொல்லிவிடுவார்.

பிறகு எங்கள் ஆள் ஒருவரின் விண்ணப்பம் வந்தது. பிறம்ரனில் சிறு வியாபாரங்களுக்குக் கடனும் ஆலோசனையும் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் மனேஜர். ஊர் நெடுந்தீவு. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, படகு ஓடாவிட்டால் மாவும் வராது மருந்தும் வராது என்ற இடத்தில் பிறந்து, பிறகு அங்கேயே அபிவிருத்தி வேலையும் செய்தவர். தமிழன் என்பதற்காக எதுவும் செய்யக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆனாலும் விண்ணப்பத்தை வாசித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பது உண்மை.

நேர்முகத்தில் தலைவி அவரிடம் முதல் வருடம் என்ன செய்வாய் என்று கேட்டார். புதிதாக ஒன்றும் தொடங்கமாட்டேன், முன்பு வந்தவர்கள் தொடங்கிப் பாதியில் விட்டுப் போனதை எல்லாம் முடிப்பேன் என்றார் அவர். தலைவி கண்ணைத் திறந்தார். பாதியில் கிடப்பவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்: கதவு வைக்காத குளிர் அறை, கண்ணாடி வராத பசுமைக்கூடம், படுக்கை இல்லாத விடுதி. சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். “றெஃபரன்ஸ் சரியென்றால் இவர்தான்,” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

றெஃபரன்ஸ் என்பது விண்ணப்பித்தவரைத் தெரிந்த சிலரை அழைத்து, ஆள் எப்படி என்று விசாரிப்பது. அவருடைய அலுவலகத்தில் இரண்டு பேர் வாயாரப் புகழ்ந்தார்கள். மற்றவர் ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் ஒரு வர்த்தகச் சங்கத்துத் தலைவர். நெடுந்தீவுக்காரர் அந்தச் சங்கத்துக்குத் திட்டங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார். என் பெயரைக் கேட்டவுடனேயே தலைவர் தமிழுக்கு மாறிவிட்டார்.

“ஊரிலை எவடம் தங்கச்சி?”

சொன்னேன். அந்தப் பக்கம் தனக்குத் தெரிந்தவர்கள் யார் யார் என்று ஒரு சுற்று வந்தார். நான் பொறுமையாகக் கேள்விக்கு இழுத்து வந்தேன்.

“ஆள் நல்ல மனிசன். குடி வெறி ஒண்டும் இல்லை. வேலையும் நல்லாத் தெரியும். ஆனா...”

கலியாணத்துக்கு மாப்பிள்ளை விசாரித்த வீடுகளில் வளர்ந்தவள் நான். எங்கள் ஆட்கள் இந்த ‘ஆனா’வைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் என் கம்பனிக்கு நிறுத்தம் போதாது, வசனம் வேண்டும்.

“ஆனா என்ன அண்ணை?”

“நான் சொன்னனெண்டு வெளியிலை போகக்கூடாது. உவர் ஓரிடத்திலை நிண்டு பிடிக்கமாட்டார். கொஞ்ச நாளையிலை சலிச்சுப்போம். நாளைக்கு உங்களுக்குப் பேர் கெடக்கூடாது பாருங்கோ, அதுதான் சொல்லுறன்.”

எந்த ஒரு வசனத்துக்குத் தலைவி பயந்துகொண்டிருந்தாரோ அதே வசனம். கேட்டதைக் கேட்டபடி எழுதி அன்றைக்கே அனுப்பவேண்டும் என்பது எங்கள் கம்பனியின் நடைமுறை. எழுதினேன், அனுப்பினேன். 

அடுத்த நாள் அவருடைய விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து மனிதர் பிறம்ரனில் அந்த ஒரே அலுவலகத்தில்தான் இருக்கிறார். ஸ்காபரோவிலிருந்து தினமும் போய்வருகிறார். அந்த நெடுஞ்சாலையில் இத்தனை வருடம் போய் வந்தவனை நின்று பிடிக்காதவன் என்று யார் சொல்வது? சங்கத் தலைவரைத் திரும்ப அழைத்தேன்.

“அண்ணை, அவர் ஒரே கந்தோரிலைதானே கனகாலமா இருக்கிறார். எங்கை நிண்டு பிடிக்கேல்லை?”

 அவர் குரல் தாழ்ந்து வந்தது.

“தங்கச்சி, பிளேனிலை போற இடமாம். ஒரு கோயில் இல்லை, ஒரு கடை இல்லை. என்ரை தங்கச்சியை அங்கை கொண்டுபோய் வைச்சா ஆர் பாக்கிறது?”

“ஆர் உங்கடை தங்கச்சி?”

“அவற்றை மனிசிதான்.”

எனக்கு வந்த கோபத்தில் ஹீற்றரைக் காலால் தள்ளிவிட்டேன். படிவத்தில் இவரோடு என்ன தொடர்பு என்ற இடத்தில் ‘சங்கத் தலைவர்’ என்று நெடுந்தீவுக்காரர் எழுதியிருந்தார். பொய்யில்லை. எங்கள் ஆட்களின் சங்கத்தில் தலைவர் யாருக்காவது மச்சானாக இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். தன் நன்மையைச் சொந்த மச்சானை விட வேறு யார் சொல்லப் போகிறார்கள் என்று அந்த மனிதர் நம்பியிருக்கிறார். வெள்ளைக்காரன் இந்தப் பிழையை விடமாட்டான். அவன் மச்சானோடு நத்தாருக்கு மட்டும்தான் கதைப்பான்.

“உங்கடை தங்கச்சி போகமாட்டன் எண்டு சொன்னவவோ?” என்று கேட்டேன்.

“அவ என்னத்தைச் சொல்லுறது? எனக்குத் தெரியாதோ அவவை?”

றெஃபரன்ஸில் யார் என்ன சொன்னார்கள் என்பதை விண்ணப்பித்தவரிடம் சொல்லக்கூடாது. அதனால் அவரை அழைத்து, குடும்பத்தோடு போவதைப் பற்றி வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று மட்டும் கேட்டேன். “நில்லுங்கோ, அவவிட்டையே கேளுங்கோ,” என்று போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

“அக்கா, அந்த வேலையை இன்ரநெற்றிலை கண்டுபிடிச்சதே நான்தான்,” என்றார் அவர். “இவர் ஓமோ இல்லையோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டவர். நான்தான் போடுங்கோ எண்டு நிண்டனான்.”

“உங்களுக்குத் தனியா இருக்கக் கஸ்ரமா இராதோ?”

“தனியா இருக்கத்தான் அக்கா ஆசையா இருக்கு.” சிரித்தார். “அண்ணை நல்லவர். எங்களை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவர். ஆனா எங்கடை வீட்டு வாசலிலை ஒரு புதுக் கார் நிண்டாலும் ஆர் வந்தது எண்டு போன் வரும். சனிக்கிழமை சாமத்தியவீடு, ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள், எல்லாத்துக்கும் அண்ணை சொல்லுற நேரத்துக்கு நிக்கவேணும். ஒரு இடத்துக்கு நானாப் போய் நானா இருந்து பாக்கேல்லை. ஓய்வெடுக்கவேணும் போலை கிடக்கு அக்கா.”

அந்தக் கடைசி வசனம் என்னைச் சுட்டது. நானும் அதைத்தான் எத்தனையோ வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், வாய்விட்டுச் சொன்னதில்லை. உடனே வடக்குக்கு அழைத்தேன். தலைவி அன்று ஏதோ கூட்டத்தில், அடுத்த நாள்தான் கிடைத்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்: அது வெறும் சங்கத் தலைவர் இல்லை, மனைவியின் அண்ணன், தங்கையைப் பக்கத்தில் வைத்திருப்பதற்காக அவர் சொன்ன பொய், மனைவிக்கு வர விருப்பம்.

 

“சபை நேற்றுக் கூடியது,” என்றார். “உன் அறிக்கையை வாசித்தோம். நிற்கமாட்டார் என்ற இடம் வந்தவுடன் தாளை மூடிவிட்டோம். மற்றப் பையனுக்குக் கொடுத்துவிட்டோம். கையெழுத்தும் போட்டுவிட்டான்.”

“இனி மாற்ற ஏலாதா?”

“சொல்லை மாற்றினால் எங்களுக்கும் ஓடிப்போகிறவர்களுக்கும் என்ன வித்தியாசம்?” என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நெடுந்தீவுக்காரருக்கு, வேறொருவரைத் தெரிவு செய்துவிட்டார்கள் என்று வழக்கமான மின்னஞ்சல் போனது. நன்றி என்று ஒரு வரி பதில் எழுதினார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு கலியாணவீட்டில் அந்தச் சங்கத் தலைவரைக் கண்டேன். கும்பிட்டுக்கொண்டு வந்து, என் சோற்றுத் தட்டைப் பார்த்து, “என்ன தங்கச்சி, கொஞ்சமாப் போட்டிருக்கிறியள்?” என்று உபசரித்தார். மனிதரில் ஒரு துளி வஞ்சகம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வடக்குக்குப் போன இளைஞர் இலையுதிர்காலம் முழுக்கப் புதுப்புதுத் திட்டங்கள் போட்டார். ஏரி இறுகத் தொடங்கியபோது அவருக்குத் தெற்கே ஒரு வங்கியில் வேலை கிடைத்துவிட்டது. இந்த முறை தலைவியே என்னை வீடியோவில் அழைத்தார். கண் மூடித்தான் இருந்தது. மீன்கூடத்து ஆட்களிடம் வசந்தம் வரை பொறுக்கச் சொல்லியிருப்பதாகவும், அரசாங்கமும் அதுவரை பொறுக்கும் என்றும் சொன்னார். “பாதியில் கிடப்பதை முடிப்பேன் என்றாரே, அவர் இன்னும் இருக்கிறாரா?” என்று கேட்டார். போனை வைத்த கையோடு அந்த வீட்டுக்கு அழைத்தேன். மனைவிதான் எடுத்தார்.

விசயத்தைச் சொன்னேன். வேலை உங்களுக்குத்தான், இனி யாரையும் விசாரிக்க வேண்டியதும் இல்லை என்றேன். என் குரலில் அவ்வளவு சந்தோசம் இருந்தது எனக்கே கேட்டது.

“ஐயோ அக்கா,” என்றார். “நாங்கள் வீடு வாங்கிப்போட்டமே. அண்ணை வீட்டுக்குப் பின்னாலை, வேலிக்கு வேலி. மோகேஜ் கடனுக்கு அண்ணையும் சேந்து கையெழுத்துப் போட்டவர். நடுவிலை வேலியைப் பிரிச்சு ஒரு படலை வைக்கப்போறம் எண்டு நிக்கிறார். இனி எங்கை அசையிறது?”

“உங்கடை மனிசனோடை ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்.”

“கதைக்க வேண்டாம் அக்கா. கேட்டா மனிசன் போக வெளிக்கிட்டிடுவார். பிறகு அண்ணைக்கு நான் என்ன சொல்லுறது?”

 போனை வைக்க இருவருக்கும் மனமில்லை. அவர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

“அக்கா, இண்டைக்கும் வடக்கிலை பிளேன் இறங்கேல்லை, தெரியுமே?” என்றார் அவர்.

எனக்குத் தெரியாது. சற்று முன்தான் தலைவியோடு பேசியிருந்தேன், அவர் அதைச் சொல்லவில்லை.

“காத்துக்கு நிப்பாட்டி வைச்சிருக்கினமாம். போனிலை காட்டுது. நான் விடிய எழும்பினோடனை முதல் அதைத்தான் பாக்கிறனான்.”