பிளாஸ்கில் வைத்த ஊசி

எனக்குக் கஜு, அதாவது முந்திரிப்பருப்பு, ஆகாது. பிடிக்காது என்பதல்ல. ஐந்து வயதில் ஒரே ஒரு துண்டு சாப்பிட்டேன். ருசி நினைவில்லை, ஆஸ்பத்திரிதான் நினைவிருக்கிறது. உதடு வீங்கும், தொண்டை இறுகும், மூச்சு வராது. புரியாணியிலும் பாயசத்திலும் கேக்கிலும் கஜு போடாவிட்டால் வந்தவர்களை மதிக்கவில்லை என்று நினைக்கிற சனத்துக்குள் இப்படி வந்து பிறந்திருக்கிறேன்.

அதனால் என் பையில் எப்போதும் இரண்டு ஊசிகள் இருக்கும். பார்வைக்குத் தடித்த பேனை மாதிரி. ஏதாவது நடந்தால் தொடையில் அழுத்திக் குத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பார்மசிக்காரர் தரும்போதே சொல்லியிருந்தார்: பதினைந்து பாகைக்கும் முப்பது பாகைக்கும் இடையில் வை, பிரிட்ஜுக்குள் வைக்காதே, காருக்குள் விட்டுவிட்டுப் போகாதே, உள்ளேயிருக்கும் மருந்து நிறம் மாறினால் எறிந்துவிடு.

அம்மாவுக்கு இதில் பிரிட்ஜ் விஷயம் மட்டும் பிடிக்கவில்லை. கியூபெக்கில், பியர்பொன்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் பட்டர் வைக்கிற தட்டு அப்பாவின் இன்சுலினுக்கு உரியது. கோடை தொடங்கியதும் என் ஊசிகளும் அங்கே குடிபோய்விடும். நான் எடுத்து வெளியே வைப்பேன். மறுநாள் காலையில் திரும்பவும் பட்டருக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்.

"அம்மா, இதைக் குளிரில வைக்கேலாது."

"அப்பான்ர ஊசியும் ஊசி, உன்ர ஊசியும் ஊசி. அவர் ஒண்டும் சொல்லாமல் வைச்சிருக்கிறார்தானே."

"அது வேற மருந்து."

"வெளியில முப்பத்திமூண்டு அடிக்குது. உனக்கே விசர் பிடிக்கிற வெக்கை. மருந்துக்குப் பிடிக்காதோ?"

நான் அப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியான சிஜெப்பில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. எதையும் அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது என்று புதிதாகக் கற்றிருந்த காலம். மீன் தொட்டிக்கு வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்றை வாங்கி வீடு முழுக்க அளந்தேன். நிலக்கீழ் அறை இருபத்தொன்று. என் அறை ஜன்னல் முப்பத்தாறு. கைப்பைக்குள் இருபத்தெட்டு. வெயிலில் நின்ற எங்கள் காருக்குள் வைத்துவிட்டு இருபது நிமிடம் கழித்துப் போனால், சிவப்புக் கோடு நாற்பதைத் தாண்டிக் குழாயின் முடிவில் போய் முட்டிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் அட்டவணை போட்டுப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அம்மா அதன் மேல் மளிகைச் சாமான் பட்டியலை ஒட்டினார்.

அளந்ததற்கு விஞ்ஞானம் மட்டும் காரணமல்ல. ஓகஸ்டில் எங்கள் வகுப்பு ஐந்து நாள் முகாமுக்குப் போக இருந்தது. ஏரியில் தோணி வலிப்பது, கூடாரத்தில் படுப்பது, தவளை எண்ணுவது. எனக்கு அந்தத் தவளைகளை எண்ணியே ஆகவேண்டும். பதினெட்டு வயதானால் கியூபெக்கில் யாரையும் கேட்காமல் எங்கேயும் போகலாம் என்பது சட்டம். அந்தச் சட்டம் எங்கள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வந்து அம்மாவைக் கேட்கும்.

அம்மா யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை கோயில் யாத்திரை வருது. நாள் முழுக்க வெயில். அண்டைக்கு அந்த ஊசியைப் பழுதாக்காமல் வைச்சிருந்து காட்டு. பேந்து கதைப்பம்."

எங்கள் பங்குக் கோயில் ஆட்கள் எல்லோரும் வருடா வருடம் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் பிடித்து ஆற்றங்கரையில் இருக்கிற மாதா கோயிலுக்குப் போவோம். இரண்டு மணி நேரப் பயணம், பூசை, மாதாவைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பிரகாரம், பிறகு மரத்தடியில் சாப்பாடு. அந்த பஸ்ஸில் ஏசி கிடையாது. பரீட்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இரண்டு நாள் ஆராய்ந்து வழி கண்டுபிடித்தேன். பிளாஸ்க். சூட்டை வெளியே விடாத பொருள் சூட்டை உள்ளேயும் விடாது. வாய் அகன்ற சூப் பிளாஸ்க் ஒன்றை எடுத்து, குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் ஆறவைத்து, நன்றாகத் துடைத்து, ஊசிகளை ஒரு காலுறைக்குள் போட்டு, வெப்பமானியையும் கூட வைத்து மூடினேன். பஸ்ஸில் எல்லோரும் வேர்த்துச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தேன். இருபத்திரண்டு. இருபத்திரண்டு. இருபத்துமூன்று. பக்கத்து ஸீற்றில் இருந்த அம்மாவிடம் காட்டினேன். "திறந்து திறந்து பாத்தா சூடு உள்ள போகாதோ?" என்றார். அது நல்ல கேள்விதான். பிறகு திறக்கவில்லை.

கோயிலில் இறங்கியதும் மாதா சுரூபத்துக்கு முன்னால் பூத்தட்டுப் பிடிக்க ஒரு பெண்பிள்ளை குறைகிறது என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். தோளில் பையோடு பூத்தட்டுப் பிடிக்க முடியாது. மரத்தடியில் சாப்பாட்டுப் பாத்திரங்களுக்குக் காவலாக லாசால் அன்ரி இருந்தார். லாசாலில் இருப்பதால் அவர் லாசால் அன்ரி. சொந்தம் இல்லை, ஆனால் சொந்தக்காரரைவிட உரிமை.

"அன்ரி, இந்தப் பையை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ."

"ஓம் பிள்ளை, நீ போ."

'பார்த்துக்கொள்ளுங்கோ' என்றால் பார்த்துக்கொண்டு இருப்பார் என்று நினைத்தேன். லாசால் அன்ரியால் எதையும் சும்மா பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பூசையும் சுற்றுப்பிரகாரமும் முடிந்து ஒரு மணிக்கு வந்து பையைத் தூக்கினால், பாரமாக இருந்தது. பிளாஸ்க் சுட்டது. திறந்தேன். இஞ்சி வாசம் அடித்தது. விளிம்பு வரைக்கும் தேத்தண்ணி.

"அன்ரி, இதுக்குள்ள இருந்தது?"

"வெறும் பிளாஸ்கோடையே பிள்ளை பிரயாணம் வாறது? பாக்கப் பாவமா இருந்தது. கழுவி ஊத்தி வைச்சன். சீனி காணாட்டிச் சொல்லு."

"உள்ளுக்கு ரெண்டு பேனை இருந்ததே."

"ஓம், சொக்ஸுக்குள்ள. பேனையை ஆரும் சொக்ஸுக்குள்ள வைப்பினமோ? துலைஞ்சுபோகாமல் பஸ்ஸில முன்கண்ணாடிக்குக் கீழ வைச்சிருக்கிறன். அங்க ஆரும் தொடமாட்டினம்."

ஓடினேன். பஸ் காலையிலிருந்து நிழலே இல்லாத தார்த்தரையில் நின்றது. முன்கண்ணாடிக்குக் கீழே காலுறை, சூரியனுக்கு நேரே, மிகவும் பத்திரமாக இருந்தது. பக்கத்தில் கிடந்த வெப்பமானியின் சிவப்புக் கோடு மறுபடியும் முடிவில் முட்டிக்கொண்டு நின்றது. ஊசிகள் கையைச் சுட்டன. பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். மருந்து தெளிந்த தண்ணீர் போல இருந்தது. ஒரு மாற்றமும் இல்லை.

அங்கேதான் எனக்குச் சோதனை தொடங்கியது. அம்மா இவற்றை எடுத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஊசி பத்திரம், முகாம் நிச்சயம், தவளைகள் எனக்கு. ஆனால் நிறம் மாறினால் பழுது என்றுதான் பார்மசிக்காரர் சொன்னார். நிறம் மாறாவிட்டால் பழுதில்லை என்று அவர் சொல்லவே இல்லை. சிஜெப்பில் தர்க்கம் படித்ததில் உள்ள கஷ்டம் இது. நமக்கு வசதியான முடிவை எடுக்க விடாது.

அன்று லாசால் அன்ரியின் புரியாணி. நான் தட்டை எடுக்கவில்லை.

"ஏன் பிள்ளை சாப்பிடேல்லை? உனக்கெண்டு கஜு போடாமல் தனிச்சட்டி வைச்சனான்."

"பசிக்கேல்லை அன்ரி."

"தனிச்சட்டி எண்டுறன்."

"ஓம் அன்ரி. ரெண்டு சட்டிக்கும் அகப்பை ஒண்டுதானே."

அன்ரி அகப்பையைப் பார்த்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டு. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, சொல்வதா விடுவதா என்று நெடுஞ்சாலைப் பலகைகளை எண்ணினேன். பதினேழாவது பலகையில் சொன்னேன். பிளாஸ்க், தேத்தண்ணி, முன்கண்ணாடி, எல்லாம்.

பாடிக்கொண்டிருந்த அம்மா நிறுத்தினார். "அப்ப மத்தியானம் தொடக்கம் ஊசி இல்லாமலோ திரிஞ்சனீ?"

"இருக்கு. வேலை செய்யுமோ தெரியாது."

"என்ன சாப்பிட்டனீ?"

"வாழைப்பழம்."

"எத்தினை?"

"ஆறு."

முன் ஸீற்றில் இருந்த லாசால் அன்ரி திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. "நான் எழுதுற பேனை எண்டெல்லோ நினைச்சன். மருந்தை ஆரப்பா பிளாஸ்கில வைக்கிறது?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்," என்றார் அம்மா.

வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸால் இறங்கி நேரே காரில் பார்மசிக்குப் போனோம். அம்மா கார்தெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்பவர். அவருடைய பிரெஞ்சு முழுக்க மூன்று வயதுப் பிள்ளைகளோடு பேசிப் பழகியது. பார்மசிக்காரரையும் அப்படித்தான் கேட்டார், மெதுவாக, ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம், பதில் சரியென்றால் "பிராவோ" சொல்லி. வெயிலில் மூன்று மணி நேரம் கிடந்த ஊசியை நம்பலாமா? நம்பக்கூடாது, புதிதாக வாங்குங்கள். பிரிட்ஜ்? வேண்டாம், மதாம். ஐஸ்? அதோடு ஒட்டி வைக்கக்கூடாது. ஏரியில் என்றால்? சூடு தாங்குகிற உறையில் போட்டு, வெயில் படாமல், அவளுடைய இடுப்பிலேயே இருக்கட்டும். பையில் வைத்துப் பையை யாரிடமும் கொடுக்க வேண்டாம். நான் ஒரு மாதமாகச் சொன்னதையே அவரும் சொன்னார், வெள்ளைக் கோட்டோடு. கடைசி வரியை மட்டும் நான் சொல்லியிருக்கவில்லை.

புது ஊசிகளோடு காருக்குள் ஏறினோம். அம்மா ஏசியைத் திருகிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அவளின்ர புரியாணியைத் தொடாமலே வந்தனீ?"

"ஓம்."

"பக்கத்தில நிண்டு மணந்துகொண்டோ?"

"ஓம் அம்மா."

கண்ணாடியைப் பார்த்து, காரைப் பின்னுக்கு எடுத்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

"முகாமுக்குக் காலமை எத்தினை மணிக்கு வெளிக்கிடோணும்?"