ரூபி மிஸ்ஸி ஓடாத நாள்

ரூபி மிஸ்ஸியை அறிந்த மகாஜனங்களே, நான் சொல்லப்போவதை உங்களில் ஒருவரும் நம்பமாட்டீர்கள் என்று இரு கைகளையும் உயர்த்தி உறுதி கூறுகிறேன்.

சண்டை முடிந்து ஒரு மாதம். சோதனைச் சாவடி மட்டும் முடியவில்லை. நிந்தவூர் பஸ்ஸை விட்டிறங்கி, அடையாள அட்டையைப் பிடித்தபடி, கல்முனை முழுவதும் எனக்கு முன்னால் நின்ற ஒரு வரிசையில் நின்றேன். அப்போதுதான் தங்கச்சி ஜெஸீமா போனில் கூப்பிட்டாள். "காக்கா, நம்மட ரூபி மிஸ்ஸி காலமாயிட்டாவாம்." வரிசையை விட்டு விலகவும் வழியில்லை, அழவும் வழியில்லை. அழுகிறவனிடம் எதை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள்.

அப்படி அடைபட்டு நிற்பது எனக்குப் புதிதல்ல. நாலரை வருசத்துக்கு முன், சுனாமியில் ஊருக்குள் கடல் வந்த கிழமை, நாவிதன்வெளிப் பக்கத்துப் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் நானூறு பேர் இருந்தோம். மூச்சுவிடக்கூட முறை வைத்திருந்தோம். நான் உள்ளே இழுத்தால் பக்கத்து வீட்டு மச்சான் வெளியே விடவேண்டும். மூலையில் உம்மாவின் சாரியைத் திரையாகக் கட்டி, உள்ளே ஜெஸீமாவும், அலைக்கு முந்தின நாள் பிறந்த அவளுடைய தலைப்பிள்ளை ஸஹ்லாவும். தையல் போட்ட உடம்பு. எழுந்து நடக்க ஏலாது. பிள்ளையை மாரில் வைக்கும் போதெல்லாம் யாராவது திரையில் முட்டுவார்கள், அவள் மூடிக்கொள்வாள்.

போதாக்குறைக்கு எங்கள் சாச்சி, உம்மாவின் தங்கச்சி, ஒரு தீர்ப்பு வழங்கினா. பயந்த தாயின் பாலில் பயம் இறங்கியிருக்குமாம், அந்த மஞ்சள் பாலைப் பீச்சி ஊற்றிவிட வேண்டுமாம். ஜெஸீமாவும் ஊற்றினாள். பிள்ளைக்குச் சீனித்தண்ணி. முதல் நாள் ஸஹ்லாவின் அழுகை ஒலுவில் வரை கேட்டது. நான்காம் நாள் திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்கவில்லை.

உடனே புறப்பட்டேன். நிவாரண லொறியடியில் பதினெட்டு மல்லர்களை மண்கவ்வச் செய்து ஒரு பால்மா டின்னோடு திரும்பினால், திரையடியில் ரூபி மிஸ்ஸி நிற்கிறா. எங்கள் பகுதியில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாது, மெதடிஸ்த சபைக் கிறிஸ்தவப் பெண். செருப்பைக் கடல் கொண்டுபோக, யாரோ ஓர் ஆணின் பெரிய செருப்பில் ஒவ்வொரு முகாமாக நடந்து வந்திருந்தா.

தண்ணி எங்கே எடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டா. மழைவெள்ளம் புகுந்து கலங்கிய கிணற்றைக் காட்டினேன். "அந்தத் தண்ணியில கரைச்சா புள்ளைக்கு ஆகாது. அப்ப இது பெரியாக்கள்ற தேத்தண்ணிக்கு" என்று டின்னைச் சாச்சியிடம் கொடுத்துவிட்டா. என் வீரம் முழுவதும் தேத்தண்ணியாகிவிட்ட ஆத்திரத்தில், அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள், இதுதான் அழவே இல்லையே என்றேன்.

"அது ஆம்புளைகள் சொன்ன பழமொழி தம்பி. அழ முந்திக் குடுக்கணும். அழுது களைச்ச புள்ள எப்பிடிக் குடிக்கும்?"

சாச்சிக்கும் பங்கு கிடைத்தது. அந்த மஞ்சள் பால்தான் பிள்ளைக்கு முதல் மருந்தாம். பயம் பாலுக்குள் இறங்காது, பால் வரும் வழியைத்தான் கொஞ்சம் மறிக்குமாம். ஜெஸீமா எல்லாவற்றையும் கேட்டாள். ஆனாலும் சாரியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். இத்தனை பேருக்குள் தன்னால் ஏலாது என்றாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே யாரோ கத்தினார்கள், கடல் வருகுது என்று.

கண்ணிமைப்பதற்குள் நானூறு பேரும் இல்லை. செருப்புகள்தான் கிடந்தன. நான் மட்டும் மலைபோல் நின்றேன். என் இடுப்புச் சாரன் மேசை ஆணியில் மாட்டியிருந்தது என்பது பொறாமைக்காரர் கட்டிய கதை. ஜெஸீமா தன்னைத் தூக்கச் சொல்லிக் கதறினாள். மிஸ்ஸி வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தா. திரும்பி வந்து கதவைப் பூட்டினா.

"கடல் வந்தா மறுகா பாப்பம். இப்பதான் இடம் கிடைச்சிரிக்கி. தம்பி, அங்கால கிறுகி நில்லுங்க."

முதுகு காட்டித் திரும்பி, கரும்பலகையைப் பார்த்தபடி நின்றேன். விடுமுறைக்கு முந்திய பாடம் இன்னும் அழிக்கப்படவில்லை. ஓடவும் ஏலாது, திரும்பவும் ஏலாது. பின்னால் மிஸ்ஸியின் குரல் மட்டும். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டட்டும். வாயைப் பெரிதாகத் திறக்கும் வரை பொறுங்கள். "மாரப் புள்ளையிட்டக் கொண்டு போகாதீங்க, மகள். புள்ளைய மாருக்குக் கொண்டு வாங்க." இடையிடையே மிஸ்ஸியின் கண் பூட்டிய கதவுக்குப் போனதாம். பிள்ளையின் தலையைத் தாங்கிய கையை எடுக்கவில்லை என்று ஜெஸீமா பிறகு சொன்னாள்.

பலகையிலிருந்த பாடத்தை மூன்று தரம் வாசித்து முடித்தேன். பிறகு, "க்ளுக்."

"கேக்குதா தம்பி? விழுங்கிறா."

கடல் வரவில்லை. சனம் திரும்பி வந்து கதவைத் தட்டியது. பிள்ளை தானாக வாயை எடுக்கும் வரை மிஸ்ஸி திறக்கவில்லை. பிறகு எல்லோரும் பால்மாத் தேத்தண்ணி குடித்தோம். அதைக் குடித்துச் சாச்சிக்கு இரண்டு பல் புதிதாக முளைத்தது. ஸஹ்லாவுக்கு இப்போது நாலு வயது. எங்கள் வீட்டை அவள்தான் ஆளுகிறாள்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். நானூறு இல்லை, நாற்பது. மல்லர் எவரும் இல்லை, வரிசையில் ஒரு கிழவர் தன் டின்னை எனக்குத் தந்தார். சாரன் மாட்டியிருக்காவிட்டால் நானும் ஓடியிருப்பேன். மிஸ்ஸியின் செய்தி வந்த அன்று, சாவடியில் என் பையைக் கிளறிய சிப்பாய் ஒன்றுமில்லை என்று போகவிட்டார். பையில் இல்லைதான். கரும்பலகையைப் பார்த்து நின்றவன் காதில் விழுந்த அந்தச் சின்னச் சத்தம் மட்டும் என்னிடம் இருந்தது. அது மெய்.