இடைவேளை சொன்ன முடிவு

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் தங்கையை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். 'இடைவேளை' என்பார்கள். மடிப்பு மேசையில் துணி மடித்தபடியே நாவல் கதை சொல்லுவாள். கதவு திறக்கப்போகிற இடத்துக்கோ, கடிதம் பிரிக்கப்போகிற இடத்துக்கோ கொண்டுவந்து, மணி அடித்ததும் "மிச்சம் நாளைக்கு" என்று நிறுத்திவிடுவாள். "உன் வாயில புண்ணு வர!" என்று திட்டிக்கொண்டே மற்றவர்கள் அவள் பங்கு மூட்டைகளையும் தூக்கிப்போவார்கள். கதை சொல்பவள் மூட்டை தூக்கவேண்டாம் என்பது அந்த மேசையின் வழக்கம்.

எதிரே இஸ்திரி இயந்திரத்தில் நிற்கும் அக்காவுக்குப் பெருமை பிடிபடாது. சின்ன வயதிலேயே தங்கை அப்படித்தான். பாடத்தில் வரும் கதைக்கு விடை ஒப்பிக்கச் சொன்னால், "அவன் ஏன் சார் அப்படிப் பண்ணான்?" என்று கேட்டுப் பெஞ்சு மேல் ஏறி நிற்பாள். ஒரு நாவலை இரண்டு தடவை படிப்பாள். என்ன ஆகிறது என்று பார்க்க முதல் தடவை. அது முன்னாடியே எங்கே ஒளிந்திருந்தது என்று தேட இரண்டாவது தடவை.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரு தையல்காரியின் கதை. அவள் மிஷினைப் புருஷனே களவாக விற்றுவிட்டு, திருடன் கொண்டுபோனான் என்று அவளைக் காவல் நிலையத்துக்கும் கூட்டிப்போனான். உண்மை தெரிந்ததும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கடைசி அத்தியாயத்தில் புருஷன் புது மிஷினோடு வந்து கதவைத் தட்டுகிறான். நேற்று அங்கே நிறுத்தியிருந்தாள்.

அந்தக் கதையில் உயிரை வைத்திருந்தவள், நோயாளி அங்கிகளுக்குப் பொத்தான் தைக்கும் பொத்தான்காரி. அவளும் அம்மா வீட்டில்தான் இருந்தாள். மாமியாரின் சங்கிலியை இவள் எடுத்துவிட்டாள் என்று புருஷன் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். சங்கிலி கடைசியில் அவன் பையிலேயே கிடைத்தது. அதைப்பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு புதுப் புடவை மட்டும் வந்தது, வீட்டுக்கு வா என்ற தகவலோடு.

"தையல்காரி என்ன பண்றான்னு பாத்துட்டு நானும் ஒரு முடிவுக்கு வரேன்" என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கூடச் சிரிக்க யாரும் இல்லை. ஏனென்றால் கூடத்தின் மேற்பார்வைக்காரி அவள் நாத்தனார்.

காலையில் மேற்பார்வைக்காரி நேராக இஸ்திரி இயந்திரத்துக்கு வந்து தங்கையையும் அங்கே கூப்பிட்டாள்.

"இன்னிக்குக் கதைய நல்லபடியா முடி. அவ புருஷனோட போயிட்டான்னு சொல்லு."

"புத்தகத்துல அவ போகல மேடம்."

"புத்தகம் எழுதினவங்க வந்து உன்னை அடிக்கப்போறாங்களா? மாத்திச் சொன்னா வாய் தேஞ்சிடுமா? மாட்டேன்னா இன்னிக்கே ஈரப் பக்கம் போ."

ஈரப் பக்கம் என்றால் தொட்டியிலிருந்து கனத்த விரிப்புகளை இழுத்துப் பிழிப்பானில் போடும் வேலை. மாலைக்குள் விரல்கள் வெளுத்து ஊறிப்போகும்.

மேற்பார்வைக்காரி நகர்ந்ததும் அக்கா மெதுவாகச் சொன்னாள்: "ஏண்டி, ஒரு வரிதானே. மாத்திடேன்."

"எதை வச்சுக்கா மாத்துறது? திரும்பிப் போக அவளுக்கு ஒரு காரணம் வேணும்ல? முழுப் புத்தகத்தையும் அலசிட்டேன். மிஷினை வித்ததுகூடப் பரவாயில்ல. ஸ்டேஷன்ல அவ பக்கத்துல உக்காந்து, இல்லாத திருடனை அவளோட சேர்ந்து திட்டினான் பாரு. முடிவு அங்கயே ஆயிடுச்சு. காயாத துணிய என்னால மடிச்சு அடுக்க முடியாது."

அக்கா கையிலிருந்த தலையணை உறையின் ஓரத்தை மறுபடி நேராக்கினாள்.

மேசையில் எல்லோரும் கூடியதும் தங்கை தொண்டையைச் செருமிக்கொண்டாள். மேற்பார்வைக்காரி வாசலில் நின்றாள்.

"கதவைத் திறந்தா. மிஷினைப் பாத்தா. ஊசி கோத்து ஓட்டிப் பாத்தா. அவன் சட்டைப்பை கிழிஞ்சிருந்துச்சு, கழட்டுன்னா. தச்சுக் குடுத்தா. 'நல்ல மிஷின், எடுத்துட்டுப் போ'ன்னு கதவைச் சாத்திட்டா."

"அடிப் பாவி! மிஷினையாவது வச்சிருக்கலாமே!" என்றாள் ஒருத்தி.

"அதை வச்சுக்கிட்டா அவனையும்தானே வச்சுக்கணும்" என்றாள் இன்னொருத்தி.

"போதும்!" மேற்பார்வைக்காரி ஈரப் பக்கத்தைக் கையால் காட்டினாள். "கிளம்பு."

தங்கை சேலையை இழுத்துச் செருகினாள். "போறேன் மேடம். அங்க இரைச்சல் ஜாஸ்தி, இனிமே கத்தித்தான் கதை சொல்லணும்" என்று நடந்தாள்.

பொத்தான்காரி ஊசியை அங்கியில் குத்தி நிறுத்தினாள்.

"ஏய் இடைவேளை, நில்லு. பொய் சொன்னேன்னு அவன் ஒத்துக்கிட்டானா?"

தங்கை திரும்பினாள். "எந்தப் பக்கத்துலயும் இல்ல. மிஷின் மட்டும்தான் வந்துச்சு."

பொத்தான்காரி எழுந்து நாத்தனார் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணி, சங்கிலிய எடுத்தது யாருன்னு உங்க தம்பி எந்தெந்த வாசல்ல நின்னு சொன்னாரோ, அந்தந்த வாசல்ல போய் மாத்திச் சொல்லிட்டு வரட்டும். அப்புறம் நான் வர்றதா வேணாமான்னு யோசிக்கிறேன். புடவைய இன்னிக்கே திருப்பிக் கொடுத்துடுறேன்."

"கதை கேட்டுக் கெட்டுப்போனவளே!"

"கதையில அவ அவனைக் கேக்கவே இல்ல அண்ணி. நான் கேக்கறேன்."

ஈரப் பக்கத்தில் தங்கை முதல் விரிப்பைத் தொட்டியிலிருந்து இழுத்தாள். ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை அது. அக்கா இஸ்திரி இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போய் மறுமுனையைப் பிடித்தாள்.