சுவர்ப் பக்கம்

பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஆனைமலையிலிருந்து வந்த செல்வியை, முதல் நாளிலிருந்தே நான் நம்பவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள். பாதி நேரம் அவர் முகம் சுவரைப் பார்த்திருக்கும். அவர் கண்ணில் படாமல் போன் நோண்டத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன். நலம் விசாரிக்கச் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருக்கும் வீடு எங்களுடையது. பெரியவர் முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் என்ன பேசுவார்கள்?

ஒரு நாள் அவருடைய வலது இடுப்பில் சிவந்த தடம் தெரிந்தது. கிள்ளியிருக்கிறாள் என்றே முடிவுகட்டினேன். அலமாரியில் என் போனை மறைத்து வைத்து வீடியோ எடுத்தேன்.

மாலையில் ஓட்டிப் பார்த்தேன். செல்வி அவரைப் பதமாகச் சுவர்ப் பக்கம் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துவிட்டுத் துணி அலசப் போகிறாள். அடுத்து நான் வருகிறேன். தினமும் செய்வதுபோலவே தலையணையை உருவிவிட்டு, வாசலைப் பார்க்க அவரைத் திருப்புகிறேன். சிவந்திருந்த அதே வலது இடுப்பின்மேல்.

"ஏனுங்கக்கா, அந்தச் செவப்பு அமுக்குனாலும் வெளுக்க மாட்டேங்குதுங்க. இப்படியே உட்டா படுக்கைப் புண்ணாயிருமுங்க," என்றாள் செல்வி அன்று. "நான் இடப்பக்கம் போட்டாலும் அய்யா எப்படித்தான் திரும்பிக்கறாங்களோ, தெரியலீங்க."

அவரால் தானாகத் திரும்ப முடியாது. அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

மறுநாள் கட்டிலை அறை நடுவே இழுத்துப் போட்டேன். வருகிறவர்கள் அவர் முகம் இருக்கும் பக்கம் போய் உட்காரட்டும். வீடியோவை அழித்துவிட்டேன். செல்வி தெரிந்துதான் அப்படிச் சொன்னாளா என்ற சந்தேகம் மட்டும் இன்னும் இருக்கிறது. அவளிடம் கேட்கத்தான் எனக்கு முகமில்லை.