முன்வரிசையில் அபீனா, என் முகத்தில் மை

இன்று மேடையில் என் வசனம் வாயில் வரவேயில்லை!

வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். (இத்தாலியின் பலேர்மோவில் உள்ள எல்லாத் தமிழ் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடுகிறதாம். இப்படிப் பிரபலமாவேன் என்று நினைக்கவில்லை.)

வீடியோவில் இல்லாததை எழுதுகிறேன். போர்வைக்குள் இருந்து, போன் வெளிச்சத்தைக் குறைத்து. இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். கண்டால் போனும் போகும், நானும் போவேன்.

எங்கள் மாதா கோயில் தமிழ்ச் சனம் இந்த வருடம் கானாவின் வடக்கில் உள்ள ஒரு கிராமத்துக்குக் காசு சேர்க்கிறது. அங்குள்ள சின்ன ஆஸ்பத்திரிக்குச் சோலார் விளக்கு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்கார வாங்கு.

அது என் சிநேகிதி அபீனாவின் அம்மாவின் ஊர். அவரும் என் அம்மாவும் ஒரே கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறார்கள். இரவில் அங்கே போன் டோர்ச் வெளிச்சத்தில்தான் பிள்ளை பிறக்கிறது என்று அவர் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது.

அபீனா வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை. எங்கள் இரண்டு பேரையும் ஒரே கேவலமான பெயரால் கூப்பிடுகிற பையன்கள் இருக்கிறார்கள். எனக்கும் சேர்த்து அவள்தான் திருப்பிக் கொடுப்பாள்!

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதலில் நாடகம், பிறகு ஏலம். நாடகத்தில் சனத்தின் மனம் இளக வேண்டும், ஏலத்தில் கை இளக வேண்டும். கேக், கோழி, அப்பா வேலை செய்யும் சியாகுல்லித் தோட்டத்து மந்தரின் பழப் பெட்டிகள் எல்லாம் மேடையோரம் காத்திருந்தன.

நோயாளிப் பிள்ளையாக நான். அபீனாவை நானே கூப்பிட்டிருந்தேன். "உன் அம்மாவின் ஊர்ப் பிள்ளையாக நடிக்கிறேன், வா!"

ஒத்திகை எல்லாம் சாதாரண உடுப்பில்தான். வேசம் கடைசி நாளில் மட்டும். நாடகம் பழக்குகிற அன்ரன் மாமா மன்னாரில் கூத்தில் ராசாவாக ஆடியவர். முகம் எழுதாமல் மேடை ஏறுவது அவருக்கு மேடையை அவமதிப்பது மாதிரி.

இன்று அவர் மைப்பெட்டியைத் திறந்தார். கறுப்பு.

"மாமா, இது என்னத்துக்கு?"

"ஆபிரிக்கப் பிள்ளை எண்டாக் கறுப்பு வேண்டாமோ? மீசை வைக்காமல் ராசா வருவானோ?"

பக்கத்தில் நின்ற ஜெயா அன்ரி சொன்னார்: "இவளுக்கு நிறையத் தேவையில்லை அண்ணை, ஒரு பூச்சுக் காணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமா பூசி முடித்த பிறகு திரை இடுக்கால் எட்டிப் பார்த்தேன். முன்வரிசையில் அபீனாவும் அவள் அம்மாவும். பெருநாள் உடுப்பு. அவள் அம்மா என்னைப் படம் பிடிக்கப் போனை உயர்த்தி வைத்திருந்தார்.

மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, நான் இதைக் கழுவிப்போட்டு வாறன்."

"விசரே உனக்கு? ஃபாதர் வந்திட்டார், சனம் நிறைஞ்சிட்டுது!"

"அபீனா முன்னுக்கு இருக்கிறாள்."

"நல்லதுதானே! அவையின்ர ஊருக்குத்தானே செய்யிறம். பாத்துச் சந்தோசப்படட்டும்."

கிண்டல் இல்லை. உண்மையாகவே அப்படி நம்பிச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வேசம் கட்ட உதவிக்கு நின்ற என் அம்மாவைப் பார்த்தேன்.

"வாயைப் பொத்திக்கொண்டு போ. எல்லாரும் பாக்கினம்."

டொய்லெட்டுக்கு ஓடிச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். ஒரு கன்னம் சாம்பலானது, மற்றதில் அப்படியே. மணி அடித்துவிட்டது!

திரை திறந்தது. நான் பாயில், வெள்ளைத் துணி போர்த்தியபடி. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அபீனாவுக்கு முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தெரிந்த அந்த நொடியை நான் பார்த்தேன். அவள் சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. அவள் அம்மாவின் போன் மடிக்கு இறங்கியது.

திரைக்குப் பின்னால் மாமா: "சொல்லு பிள்ளை! 'அம்மா, பசிக்குது' எண்டு சொல்லு!"

வரவில்லை. அந்த ஊரில் பசி என்று அவர்கள் சொல்லவேயில்லை. வெளிச்சம்தானே இல்லை என்றார்கள்!

"சொல்லடி!"

எழும்பினேன். "ஸ்கூசா, அபீனா" என்றேன், மன்னித்துக்கொள் என்று. போர்த்தியிருந்த துணியால் முகத்தைத் துடைத்தேன்.

வீடியோ அதோடு முடிகிறது.

அதன் பிறகு: திரையை இழுத்து மூடினார்கள். நான் கீழே ஓடி வரும்போது முன்வரிசையில் இரண்டு கதிரை காலி. மண்டபம் முழுக்கச் சண்டை. ஏலம் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்றார் ஃபாதர். ஆனால் ஏலத்துக்கு முன்னால் ஊரைப் பற்றிப் பேச வேண்டியவர் அபீனாவின் அம்மா. அவர் இனி வருவாரா? அந்த விளக்கு என்னால் எரியாமல் போய்விடுமா?

பஸ்ஸில் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "இனிச் சனத்துக்கு எந்த முகத்தைக் காட்டுறது?"

(பாதி கறுப்பும் பாதி சாம்பலுமாக இருந்த நான் என்ன சொல்வது?)

அப்பா, விற்காமல் திரும்பிய பெட்டியில் ஒரு மந்தரினை எடுத்து, உரித்து, என் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அபீனாவுக்கு மெசேஜ் மேல் மெசேஜ். எல்லாம் நீல டிக். பதில் இல்லை. காலையில் வகுப்பில் அவள் இருக்கை மாறியிருந்தால் நான் எங்கே போய் உட்காருவது? அந்தப் பையன்கள் வீடியோவைப் பார்த்திருந்தால்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அதிர்ந்தது!

அவள்தான். இத்தாலியனில் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்:

"வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அம்மா இன்னும் பேசவில்லை. எனக்கும் கோபம் போகவில்லை. கடைசியில் நீ திரும்பும்போது தெரிகிறது, உன் இடது காதுக்குப் பின்னால் இன்னும் மை இருக்கிறது. நாளைக்கு அதோடு என் பக்கத்தில் வந்து உட்காராதே."

போன் கமராவில் பார்த்தேன். இருக்கிறது!

சவர்க்காரத்துக்குப் போகவில்லை. இப்போது குழாயைத் திறந்தால் அம்மா எழும்பிவிடுவார்.

கூத்து மை எதற்குப் போகும்? தேங்காய் எண்ணெய் காணுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பள்ளிக்கூட மணி அடிக்க முதல் போக வேண்டும்!